மேரி அக்காவுக்குப் பேசினால்தான் யோசனை வரும்

நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற இறால் ஹேச்சரியில் போன மாதம் புதுப் பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி வகுப்பு நடந்ததாம். சென்னையிலிருந்து வந்தவர், ஒவ்வொருவருக்கும் யோசிக்கிற விதம் ஒன்று உண்டு, சிலர் பார்த்துக் கற்பவர்கள், சிலர் கேட்டுக் கற்பவர்கள், சிலர் கையால் செய்து கற்பவர்கள், நம்முடைய விதம் எது என்று தெரிந்துகொண்டால் படிப்பும் வேலையும் சுலபமாகிவிடும் என்று சொல்லியிருக்கிறார். அங்கே புதிதாகச் சேர்ந்திருக்கும் பவித்ரா எனக்கு போன் செய்தாள்.

"மேடம், நான் பார்த்துக் கத்துக்கிற ஆளாம். நீங்க எந்த வகை மேடம்?"

அவள் சந்தோஷமாகத்தான் கேட்டாள். எனக்குத்தான் சுருக்கென்றது. அப்புறம் சொல்றேம்மா என்று வைத்துவிட்டேன். போனில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் ஹேச்சரி மரக்காணத்துக்கும் அனுமந்தைக்கும் நடுவில், கடலை ஒட்டி இருந்தது. தாய் இறாலிடமிருந்து முட்டை எடுத்து, பொரிக்க வைத்து, குஞ்சு ஒரு கண்ணிமை முடி அளவு வளர்ந்ததும் வளர்ப்புக் குட்டைக்காரர்களுக்கு விற்கிற இடம். என் அப்பாவும் அம்மாவும் உப்பளத்தில் கூலி. பத்தாவது முடித்த நான் உப்பு வாரப் போகமாட்டேன் என்று அடம்பிடித்து இங்கே வந்து சேர்ந்தேன்.

சேர்ந்த புதிதில் என்னைத் திருப்பி அனுப்ப இருந்தார்கள். குஞ்சு ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு பெயர்: நாப்ளி, ஸோயா, மைசிஸ். எந்தப் பருவத்துக்கு என்ன தீனி, எவ்வளவு காற்று என்று டெக்னீஷியன் ஒப்பிப்பார். நாங்கள் திருப்பி ஒப்பிக்க வேண்டும். எனக்குக் காதில் விழுந்தது எதுவும் நிற்காது. ஒருநாள் தொட்டிச் சுவரில் சாக்பீஸால் வரைந்து பார்த்தேன். நாப்ளி, உண்ணி மாதிரி. ஸோயா, வால் வைத்த ஆணி. தீனி எடுக்கிற ஸோயாவுக்கு வாலுக்குப் பின்னால் மலம் நூலாகத் தொங்கும், அது அறுந்து தெரிந்தால் குஞ்சு பட்டினி. மைசிஸ் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு பின்பக்கமாகத் துள்ளும். வரைந்து முடித்ததும் எல்லாம் உள்ளே உட்கார்ந்துவிட்டது. அப்போதிருந்த பழைய மேனேஜர் பின்னால் வந்து நின்றார். சுவரை அழுக்காக்கியதற்குத் திட்டுவார் என்று நினைத்தேன்.

"உனக்குப் படமா ஏறுது. அப்ப படமாவே வச்சுக்கோ," என்று சொல்லிவிட்டுப் போனார். 

அந்த ஒரு வார்த்தையில்தான் என் பிழைப்பு நிலைத்தது. அதற்குப் பிறகு பீக்கரில் தண்ணீர் மொண்டு வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் போதும், குஞ்சுக்கு என்ன குறை என்று எனக்குத் தெரியும்.

மேரி அக்காவுக்குப் பார்ப்பதெல்லாம் உதவாது. முழுப்பெயர் ஆரோக்கியமேரி. மரக்காணத்துக்காரி, என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள். தண்ணீர்ப் பகுதி அவள் பொறுப்பு. ஹேச்சரியில் அதைவிடப் பெரிய பொறுப்பு கிடையாது. கடலிலிருந்து பம்பு இழுக்கிற தண்ணீர் மணல் வடிகட்டி வழியாக வந்து பெரிய தொட்டிகளில் விழும். அதில் கிருமி சாக பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்ற வேண்டும். பிறகு ஒருநாள் முழுக்கக் காற்று விட வேண்டும். சின்னக் குழாயில் தண்ணீர் எடுத்து மருந்து ஒரு சொட்டு விட்டால் மஞ்சளாக மாறும். மஞ்சள் இருந்தால் குளோரின் இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். குளோரினை முறிக்கிற, தயோ என்று நாங்கள் சொல்லும் உப்பை வாளியில் கரைத்து ஊற்றி, மறுபடி சோதித்து, நிறமே வராமல் இருந்தால்தான் அந்தத் தண்ணீரைக் குஞ்சுத் தொட்டிக்கு விடலாம். இதில் ஒரு படி தவறினால் தொட்டிக் குஞ்சு மொத்தமும் அடியில் வெள்ளையாகப் படிந்துவிடும்.

ஒரே நேரத்தில் வரிசையாக நிற்கிற தொட்டிகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு கட்டத்தில். மேரி அக்கா அதையெல்லாம் எப்படி நினைவில் வைத்திருந்தாள் என்றால், பேசிப் பேசி.

"ரெண்டாவது பிளீச்சிங் குடிச்சிருக்குது, யாரும் கிட்ட வராதீங்க! மூணாவது தயோ கேக்குது, இதோ வர்றேண்டி. நாலாவது காலி, நான் உள்ள எறங்குறேன், எவனாவது வால்வைத் தொட்டா கை இருக்காது!"

காற்று அடிக்கிற புளோயர் சத்தத்தையும் மீறி அது கேட்கும். தண்ணீரோடு பேசுவாள், வாளியோடு பேசுவாள், தனக்குத்தானே கேள்வி கேட்டுத் தானே பதில் சொல்வாள். பேச்சின் நடுவிலேயே, "இல்ல இல்ல, அதுக்கு இன்னும் டெஸ்ட் பண்ணல," என்று தன்னைத்தானே திருத்திக்கொள்வாள். ஒருமுறை நான் கேட்டேன், ஏன்க்கா வாய் வலிக்கலையா என்று.

"பேசலைன்னா எனக்கு யோசனையே வராது தனம். வாயில வந்தாத்தான் தலைக்குள்ள போவுது."

அவள் சொன்னதை நான் அப்போது வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

சுனாமி வந்தது ஞாயிற்றுக்கிழமை காலை. சிலர் மட்டும் வேலையில் இருந்தோம். கடல் உள்ளே வந்து வெளிச்சுவரைச் சாய்த்து, பம்பு அறையைத் தூக்கிக்கொண்டு போனது. எங்களில் யாரும் சாகவில்லை. குப்பத்துப் பக்கம் நடந்ததைப் பார்த்த பிறகு எங்கள் நஷ்டத்தைப் பேச எங்களுக்கே கூச்சமாக இருந்தது. ஹேச்சரி பல மாதம் மூடிக் கிடந்தது. பழைய மேனேஜர் கடல் பக்கமே வேண்டாம் என்று போய்விட்டார். மறுவருஷம் கட்டடத்தைச் சரிசெய்து திறந்தபோது ராகவன் சார் வந்தார்.

ராகவன் சார் கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. ஆந்திராக் கரையில் பெரிய ஹேச்சரிகளை நடத்தியவர். தொழில் தெரிந்தவர். கூட்டுகிற பெண்ணைக்கூட வாங்க, போங்க என்றுதான் கூப்பிடுவார். இஸ்திரி போட்ட சட்டை, பையில் மூன்று நிறத்தில் மார்க்கர். யாராவது அவரிடம் நின்றபடியே ஏதாவது சொல்ல ஆரம்பித்தால் கண்ணை மூடிக்கொள்வார். சொல்லி முடித்ததும் கண்ணைத் திறந்து, "எழுதிக் குடுங்களேன்," என்பார். சத்தம் போட்டு நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

முதல் கூட்டத்திலேயே வெள்ளைப் பலகையில் எழுதினார்: வேலை இடத்தில் பேச்சு வேண்டாம்.

"சத்தம் இருந்தா மூளை வேலை செய்யாதுங்க. நான் இருவது வருஷமா பாத்துட்டேன். பேசுறதாலதான் தப்பு வருது. இனிமே தொட்டியே உங்ககிட்ட பேசும்," என்று சிரித்தார்.

தொட்டி பேசுவதற்கு அட்டைகள் வந்தன. ஒவ்வொரு தொட்டி வால்விலும் ஒரு கொக்கி, கொக்கியில் பிளாஸ்டிக் உறை போட்ட அட்டை. சிவப்பு என்றால் பிளீச்சிங் போட்டது. மஞ்சள் என்றால் தயோ போட்டுச் சோதனைக்குக் காத்திருப்பது. பச்சை என்றால் எடுக்கலாம். வெள்ளை என்றால் காலி. வேலை முடிந்ததும் அட்டையை மாற்றிவிட்டுப் போக வேண்டும். அடுத்து வருகிறவர் அட்டையைப் பார்த்து வேலையைத் தொடர வேண்டும். யாரும் யாரிடமும் வாய் திறக்க வேண்டியதில்லை.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அது சொர்க்கமாக இருந்தது. நிறம் நிறமாக ஒரு படம். கதவருகில் நின்று ஒரு பார்வை பார்த்தால் பண்ணை முழுக்க என் தலைக்குள் வந்துவிடும். இரண்டே மாதத்தில் ராகவன் சார் என் பெயரைப் பலகையில் எழுதிப் பாராட்டினார். அவர் தலை எப்படி வேலை செய்ததோ அப்படித்தான் என் தலையும் வேலை செய்தது. அது என் திறமை இல்லை, என் அதிர்ஷ்டம்.

மேரி அக்கா திணறினாள். சிவப்பு அட்டையைப் பார்ப்பாள், அது சிவப்பு என்று தெரியும், ஆனால் அதிலிருந்து அடுத்த வேலை அவளுக்குப் புறப்பட்டு வராது. வாயை மூடிக்கொண்டு தொட்டி முன்னால் நிற்பாள். உதடு மட்டும் அசையும். ராகவன் சார் கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னால் இருந்து அதையும் பார்த்துவிடுவார். வெளியே வந்து, கோபமே இல்லாமல், ஆள்காட்டி விரலை உதட்டில் வைத்துக் காட்டிவிட்டுப் போவார். அவள் ஒருதடவை தயோ போட்ட தொட்டிக்கே மறுபடி தயோ போட்டாள். இன்னொரு தடவை சோதித்துவிட்டு அட்டையை மாற்ற மறந்தாள். குஞ்சு எதுவும் சாகவில்லை. ஆனாலும் பலகையில் அவள் பெயருக்கு நேரே சிவப்பு மார்க்கர் ஏறிக்கொண்டே போனது.

நான் போய்ப் பேசினேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவர் அறைக்குப் போய், தயங்கித் தயங்கி ஆரம்பித்தேன்.

"சார், மேரி அக்காவுக்கு வாய்விட்டுச் சொன்னாத்தான் சார் வேலை ஓடும். அட்டை இருக்கட்டும் சார். அது கூடவே அவங்க பேசிக்கட்டுமே. தண்ணிப் பகுதி வெளியிலதானே இருக்குது."

அவர் கண்ணை மூடிக் கேட்டார். திறந்தார்.

"தனலட்சுமி, நீங்க பத்தாவதுதானே படிச்சிருக்கீங்க?"

"ஆமாம் சார்."

"இந்த முறை வந்தப்புறம் நீங்க எவ்வளவு நல்லா பண்றீங்க! உங்களால முடியுது. அப்புறம் அவங்களால ஏன் முடியாது? மனசு வைக்கலைன்னுதானே அர்த்தம்?"

அவளுக்காகக் கேட்கப் போன என்னையே எடுத்து அவளுக்கு எதிராக வைத்துவிட்டார். அந்த அறையிலிருந்து வெளியே வந்தபோது எனக்கு ஏற்பட்ட கசப்பு இன்னும் நாக்கில் இருக்கிறது.

அடுத்த வாரம் மேரி அக்காவைத் தண்ணீர்ப் பகுதியிலிருந்து எடுத்து, தொட்டி கழுவும் வேலையில் போட்டார்கள். அவளையே எனக்குச் சொல்லிக் கொடுக்கச் சொல்லி, அந்தப் பகுதியை எனக்குக் கொடுத்தார்கள். சொல்லிக் கொடுக்க வந்தவள் பேசக்கூடாது. அட்டையைக் காட்டினாள், வாளியைக் காட்டினாள், போய்விட்டாள்.

காலித் தொட்டியின் சுவரில் உப்பும் பாசியும் ஏறிப் படிந்திருக்கும். ஏணி வைத்து உள்ளே இறங்கி, ஆசிட்டில் தண்ணீர் கலந்து, நீளக் கட்டை பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். தொட்டிச் சுவர் ஓர் ஆளைவிட உயரம். உள்ளே குனிந்து தேய்ப்பவரை வெளியில் நடப்பவருக்குத் தெரியாது. ஆசிட்டும் பிளீச்சிங்கும் ஒன்றாகச் சேரக்கூடாது, சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைத்துவிடும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். முன்பெல்லாம் மேரி அக்காவே அதைப் போகும்போதும் வரும்போதும் கத்திச் சொல்வாள்.

இரண்டாயிரத்து ஆறில், வெயில் ஏற ஆரம்பித்த ஒரு மாசம். மேரி அக்கா மூன்றாவது தொட்டிக்குள் இறங்கித் தேய்த்துக்கொண்டிருந்தாள். நாலாவது தொட்டியில் பிளீச்சிங் போட்ட தண்ணீர், சிவப்பு அட்டை. இரண்டுக்கும் நடுவில் ஒரு குழாயும் வால்வும் உண்டு. பம்பு நிற்காமல் ஓடியதில் நாலாவது தொட்டி விளிம்புவரை வந்து வழிய ஆரம்பித்தது. பம்பு ஓட்டுகிற தண்டபாணி அண்ணன் ஓடி வந்தார். நல்ல மனிதர், என் அப்பா வயது இருக்கும். பம்பை நிறுத்தினார். கொஞ்சம் தண்ணீரைப் பக்கத்துத் தொட்டிக்குத் தள்ளலாம் என்று மூன்றாவதன் அட்டையைப் பார்த்தார். வெள்ளை. காலி. ஒரு நிமிஷம் காது கொடுத்தாராம். புளோயர் இரைச்சலில் பிரஷ் தேய்க்கிறது கேட்கவில்லை, உள்ளே பேச்சுச் சத்தமும் இல்லை. வால்வைத் திறந்துவிட்டார்.

அட்டை தப்பாக இல்லை. தொட்டி காலிதான். ஆள் இருக்கிறது என்று சொல்வதற்கு எங்களிடம் அட்டை இல்லை. அவள் பேசிக்கொண்டிருந்த காலத்தில் அப்படியொரு அட்டை யாருக்கும் தேவைப்பட்டதில்லை.

வரிசைக் கடைசியில் தண்ணீர் சோதித்துக்கொண்டிருந்த எனக்கு முதலில் வாசனைதான் வந்தது. மூக்குக்குள் ஊசி குத்துகிற மாதிரி. திரும்பிப் பார்த்தேன். மூன்றாவது தொட்டியின் விளிம்புக்குமேல் மங்கலான மஞ்சள் புகை. "யாரு உள்ள?" என்று நான் கத்தியதும் தண்டபாணி அண்ணன் முகம் செத்துவிட்டது. வால்வை மூடிவிட்டு, துண்டை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு, அவரும் இன்னொருவரும் ஏணியில் இறங்கினார்கள். அவளைத் தூக்கி எங்கள் கையில் கொடுத்தபோது கண்ணும் மூக்கும் வாயும் ஒழுகிக்கொண்டிருந்தன. இருமல் கூட முழுதாக வரவில்லை. நாங்கள் தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கழுவினோம். மரக்காணம் ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்து, அங்கிருந்து பாண்டிச்சேரிக்கு அனுப்பினார்கள்.

பிழைத்துக்கொண்டாள். ஆனால் நுரையீரல் போனது போனதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

நான் அவளோடு வார்டில் இருந்தபோதுதான் ராகவன் சார் பார்க்க வந்தார். ஆப்பிள் வாங்கி வந்திருந்தார். அவர் முகத்தில் வருத்தம் இருந்தது, நடிப்பு இல்லை. கட்டில் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து, மெல்லிய குரலில் கேட்டார்.

"உள்ள இருக்கும்போது ஒரு குரல் குடுத்திருக்கலாமேங்க? தண்டபாணிக்குத் தெரிஞ்சிருக்குமே."

மேரி அக்கா அவரையே பார்த்தாள். மாஸ்க்கை நகர்த்தினாள்.

"நீங்கதானே சார்... பேசக்கூடாதுன்னு..."

அதற்குமேல் இருமல். நர்ஸ் வந்து எங்களை வெளியே போகச் சொன்னார். வராந்தாவில் ராகவன் சார் என்னிடம், "பாவம், ரொம்ப பயந்துட்டாங்க," என்றார். அவள் சொன்னது தன்னைப் பற்றி என்றே அவருக்கு உறைக்கவில்லை.

மறுநாள் பலகையில் விபத்தைப் படமாகப் போட்டு விளக்கினார். தொட்டி, வால்வு, அம்புக்குறி, எல்லாம் சுத்தமாக இருந்தது. புதிதாக நீல அட்டை ஒன்று வந்தது: உள்ளே ஆள். நல்ல அட்டைதான், நான் குறை சொல்ல மாட்டேன். பேச்சு வேண்டாம் என்ற முதல் வரி மட்டும் பலகையில் அப்படியே இருந்தது. நான் எழுந்து நின்று, "சார், அக்கா பேசியிருந்தா இது நடந்திருக்காது சார்," என்றேன். கண்ணை மூடினார், திறந்தார். "எழுதிக் குடுங்க," என்றார். எழுதிக் கொடுத்தேன். என்ன ஆனதென்று தெரியாது. தண்டபாணி அண்ணன் அந்த வாரமே வேலையை விட்டுவிட்டு உப்பளத்து மோட்டார் ஓட்டப் போனார்.

வீட்டுக்கு வந்த பிறகு மேரி அக்காவை அடிக்கடி போய்ப் பார்ப்பேன். இரண்டு வார்த்தைக்கு ஒருதரம் மூச்சு வாங்கும். அவள் புருஷன் வாசலில் உட்கார்ந்து, "வாயை மூடுடின்னு எத்தனை வருஷம் கத்தியிருப்பேன். இப்ப வீடு எப்படி இருக்குது பாரும்மா," என்று தலையைக் குனிந்துகொள்வார்.

ஒருநாள் அவள் கேட்டாள், தண்ணிப் பகுதியை எப்படிப் பார்க்கிறாய் என்று. நான் அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று அவள் பாணியிலேயே ஆரம்பித்தேன். ரெண்டாவது பிளீச்சிங் குடிச்சிருக்குது, மூணாவது தயோ கேக்குது என்று. கண்ணை மூடிக் கேட்டாள். கொஞ்ச நேரத்தில் கையைத் தூக்கி நிறுத்தினாள்.

"விடு தனம்... நீ பாத்துட்டு... சொல்ற. எனக்கு அப்படி... வராது." மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னாள். "இப்ப எதுவும்... வர்றதில்ல. தலைக்குள்ள... எல்லாம் கலங்கிக் கிடக்குது."

சந்தையில் மீதிக் கணக்கு வைப்பதற்கும், பேரப்பிள்ளை பெயரைச் சட்டென்று எடுப்பதற்கும் அவள் திண்டாடினாள். ஊரார் அதை வயசு என்றார்கள். பல வருஷம் அப்படியே இருந்து, ஒரு மழைக்காலத்தில் சளி கட்டிப் போய்ச் சேர்ந்தாள்.

என் பகுதியில் நான் செய்ய முடிந்ததைச் செய்தேன். புதிதாக ஒரு பெண் வந்தால் முதல் வாரம் வேலை சொல்ல மாட்டேன், அவள் எப்படி யோசிக்கிறாள் என்று கவனிப்பேன். கையை விட்டுத் துழாவினால்தான் புரிகிறவளுக்குத் தீனி கரைக்கிற வேலை. காதால் வாங்குகிறவள் என்றால் மேனேஜர் இல்லாத நேரத்தில் சத்தமாகச் சொல்லிக்கொள்ளச் சொல்வேன். மேலே யாருக்கும் இது தெரியாது. தெரிந்தால் நிறுத்தியிருப்பார்கள்.

பவித்ரா, உன் தலை எப்படி வேலை செய்கிறது என்று நீ தெரிந்துகொண்டது நல்லதுதான். மேரி அக்காவுக்கும் அது நன்றாகத் தெரிந்திருந்தது, அந்த வகுப்பு இல்லாமலேயே. அவளுக்கு மேலே இருந்தவருக்குத் தன் தலை ஒன்றைத் தவிர வேறு தலை உண்டு என்று தெரியவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

நான் ஓய்வு பெற்ற அன்று ஹேச்சரி முற்றத்தில் ஷாமியானா போட்டார்கள். ராகவன் சார் அதற்குள் கம்பெனியின் எல்லாப் பண்ணைகளுக்கும் தலைவராகியிருந்தார். எனக்காகவே காரில் வந்திருந்தார். "நம்ம முறைக்கு தனலட்சுமி அம்மாதான் உதாரணம்," என்று மைக்கில் சொல்லிச் சால்வை போர்த்தினார். பிறகு என்னைப் பேசச் சொன்னார்கள். நான் பேசத் தெரியாதவள். படமாக வருகிறதைப் பேச்சாக்க எனக்கு நேரம் பிடிக்கும். ஒரே ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்று மட்டும் நினைத்திருந்தேன்.

"நான் நின்ன இடம் மேரி அக்காவோடது," என்றேன்.

ராகவன் சார் பக்கத்தில் இருந்தவரிடம் சாய்ந்து கேட்டார். மைக் பக்கத்தில் இருந்ததால் எனக்கு நன்றாகவே கேட்டது.

"யாரு அது?"

பக்கத்தில் இருந்தவருக்கும் தெரியவில்லை. நான் மறுபடி சொன்னேன், முழுப்பெயராக, ஆரோக்கியமேரி, தண்ணீர்ப் பகுதி என்று. ராகவன் சார் மரியாதையாகத் தலையை ஆட்டினார். பேச்சு முடிந்துவிட்டது என்று நினைத்து எல்லோரும் கை தட்டினார்கள்.